மாதா கோயில் சம்பளம்

அருள்நாயகி அன்று எங்கள் வீட்டுக்கு வந்தபோது மேலங்கியைக் கழற்றினாள், ஆனால் கொளுவியில் மாட்டவில்லை. வலது கை வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. இடக்கையால் அங்கியைப் பிடித்தபடி கதவடியிலேயே நின்றாள். என் மனைவி சிவமலர்தான் வாங்கி மாட்டிவிட்டாள். அந்தக் கொளுவியை என் உயரத்துக்கு அளந்து சுவரில் அடித்தவன் நான். ஒஸ்லோவின் வெஸ்ட்லியில் பத்தாம் மாடிக்கு ஏறி வருகிற கட்டையான ஆட்கள் எல்லாரும் அதற்காக என்னை ஏசிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அருள்நாயகியும் வழக்கமாக ஏசுகிறவள். அன்று ஏசவில்லை.

2005 ஏப்ரல் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை பின்னேரம். ஏப்ரல் பிறந்தால் எங்கள் சாப்பாட்டு மேசை எனக்குச் சொந்தமில்லை. நான் தபால் தரம் பிரிக்கும் இடத்தில் வேலை செய்கிறவன், கணக்காளன் அல்ல. எப்போதோ ஒரு நண்பனின் வரிப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கப்போய், ஒஸ்லோத் தமிழரில் பாதிப் பேரின் படிவம் என் தலையில் வந்து விழுந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும் என்றால் மாதக் கடைசியில்தான் வருவார்கள். பழக்கடை உறையில் கடதாசிகளைத் திணித்துக்கொண்டு வருவார்கள். அருள்நாயகி மட்டும் முதல் ஆளாக வருவாள். ஆண்டு வாரியாக, துளையிட்டு, கோப்பில் அடுக்கிக்கொண்டு வருவாள். "அந்தப் பிள்ளையைப் பாத்துப் பழகுங்கோ" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அந்தப் பெருமைக்குத்தான் அன்று எனக்கு நல்ல பூசை கிடைத்தது.

அவள் மன்னார் பேசாலைக்காரி. தொண்ணூறில் நோர்வேக்கு அகதியாக வந்தவளை வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் கொண்டுபோய் விட்டார்கள். "கடல் தாண்டி ஓடிவந்தும் மீன் என்னை விடேல்லை அண்ணை" என்று சொல்லிச் சிரிப்பாள். ஐந்து வருடம் மீன் வெட்டியபின் ஒஸ்லோவுக்கு வந்து, யோசேப்பைக் கட்டி, நோர்வேக் குடியுரிமையும் எடுத்தாள். இரண்டாயிரமாம் ஆண்டில் இருவரும் எல்லை தாண்டிச் சுவீடனுக்குக் குடிபோனார்கள். காரணம் வீட்டு விலை. இங்கே இரண்டறைத் தொடர்மாடி வாங்குகிற காசுக்கு அங்கே தோட்டத்தோடு முழு வீடு. யோசேப்புக்கு அந்த ஊரிலேயே மர ஆலையில் வேலை கிடைத்தது. அருள்நாயகி ஒஸ்லோ அலுவலகக் கட்டடத்துத் துப்புரவு வேலையை விடவில்லை. விடிய முன்னம் எழுந்து, நூறு கிலோமீற்றருக்கு மேல் கார் ஓட்டி வந்து வேலை செய்துவிட்டுத் திரும்பிப் போவாள். பனி, மழை, வீதியில் மான், எதுவும் அவளை மறித்ததில்லை. ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூடப் பிந்தியதாக நான் கேள்விப்படவில்லை.

அப்படிப்பட்டவளின் தோளில்தான் சதை நாண் அறுந்திருந்தது. வீட்டில் ஏணியில் நின்று திரைச்சீலை போடும்போது விழுந்ததாகச் சொன்னாள். மார்ச் பத்தொன்பதில் விழுந்தாள். ஆறு கிழமைக்குள் தைத்தால் கை வரும், அதற்குப் பிறகு நாண் சுருங்கிவிடும், கை தோளுக்கு மேல் எழும்பாது என்று ஒஸ்லோ மருத்துவர் சொல்லியிருந்தார். ஏப்ரல் இருபத்தாறு அறுவைச் சிகிச்சைக்கு நாளும் குறித்தாயிற்று. சுவீடனில் கேட்டதற்கு எட்டு மாதம் காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். துப்புரவு வேலை செய்கிறவளுக்குக் கை தோளுக்கு மேல் எழும்பாவிட்டால் என்ன மிச்சம்? 

"இந்தக் கடிதம் ஒருக்காப் பாருங்கோ அண்ணை. யோசேப்புக்கும் விளங்கேல்லை."

ஒஸ்லோக் காப்புறுதிக் கந்தோரிலிருந்து வந்திருந்தது. நான் ஒருமுறை வாசித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருமுறை வாசித்தேன். அருள்நாயகி சுவீடனிலும் ஒரு வேலை செய்வதாகச் சுவீடன் தரப்பிலிருந்து தெரியவந்திருக்கிறதாம். அப்படியானால் அவள் நோர்வேச் சமூகக் காப்புறுதிக்குள் இல்லையாம். வியாழன் காலை பத்து மணிக்கு நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். அதுவரை சிகிச்சைச் செலவுக்கும் சுகவீனப் படிக்கும் பொறுப்பேற்க முடியாது.

இந்தச் சட்டம் எனக்குத் தெரியும். எல்லை தாண்டி வேலைக்கு வருகிறவருக்கு வேலை செய்யும் நாட்டில் காப்புறுதி. அதுவரை நேராகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஆள் தான் குடியிருக்கும் நாட்டிலும் சம்பளத்துக்கு வேலை செய்தால், அது கிழமைக்கு இரண்டு மணித்தியாலமாக இருந்தாலும், முழுக் காப்புறுதியும் குடியிருக்கும் நாட்டுக்குப் போய்விடும். ஒருவருக்கு இரண்டு நாட்டில் காப்புறுதி கிடையாது. முற்றத்தில் ஒரு கால், வீட்டுக்குள் ஒரு கால் என்றால் எங்கே படுக்கிறாயோ அங்கே போ என்கிற கதை.

"அங்கை என்ன வேலை செய்யிறியள்? ஏன் எனக்குச் சொல்லேல்லை?" எனக்குச் சூடு ஏறிவிட்டது. "வருசா வருசம் கேக்கிறனான்தானே, வேறை வேலை ஏதும் இருக்கோ எண்டு!"

"ஐயோ அண்ணை, சத்தியமா ஒரு வேலையும் இல்லை. வேலைக்குப் போய் வரவே நேரம் காணாது."

"அப்ப இவை பொய் சொல்லுகினமோ?"

அவள் யோசித்தாள். முகம் மெல்ல மாறியது. "கோயில்..." என்றாள்.

அவள் கோயில் கூட்டுவது எனக்கும் தெரிந்த கதைதான். இரண்டாயிரத்தொன்றில் மகள் மேரின் ஏழு மாதத்தில் பிறந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளைக்காக அருள்நாயகி மாதாவுக்கு நேர்ந்தாள்: பிள்ளை பிழைத்தால் ஏழு வருடம் உன் வீட்டைக் கூட்டித் துடைப்பேன். பிள்ளை பிழைத்தது. அவர்கள் ஊரில் ஒரு சிறு கத்தோலிக்கச் சபை, போலந்துப் பாதிரியார், வாடகைக்கு எடுத்த மண்டபம். சனிக்கிழமை தோறும் அங்கே போய்க் கூட்டித் துடைத்தாள். திருநாளன்று நானும் போய் மூக்கு முட்டச் சாப்பிட்டவன். அதை ஒரு வேலை என்று எனக்கே தோன்றியதில்லை. எங்கள் கோயிலில் தேர் இழுக்கிறவனிடம் போய் மணித்தியாலச் சம்பளம் எவ்வளவு என்று யாராவது கேட்பார்களா?

"அதுக்குக் காசு தாறவையே?"

"நான் வேண்டாம் எண்டனான் அண்ணை. பாதர் விடேல்லை. ஆரும் பதிவில்லாமல் இஞ்சை வேலை செய்யக் கூடாது, ஏதும் நடந்தால் தன்ரை தலை போகும் எண்டு பேரைப் பதிஞ்சிட்டார். மாசம் அறுநூறு குறோனர். நான் அதை எடுத்து அப்பிடியே உண்டியல்லை போட்டுடுவன். ஒரு சதம் வீட்டுக்குக் கொண்டுவரேல்லை."

"சம்பளக் கடதாசி வந்திருக்குமே?"

"கோயில் கடிதம் எண்டு பைபிளுக்குள்ளை வைச்சனான்."

ஆண்டு வாரியாக, துளையிட்டு, கோப்பு! சிவமலர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இப்ப ஏன் அந்தப் பிள்ளையிலை பாயிறியள்?" என்று என்னை அதட்டினாள். பாய்ந்தது அவளில் அல்ல, என்னில்தான். சுவீடனில் அவளுடைய வரிக் கணக்கை யோசேப்பு தொலைபேசியில் இரண்டு எண்ணை அழுத்தி ஒப்புக்கொண்டு வந்திருக்கிறான். அங்கே அச்சடித்தே வந்திருக்கும், சபை கொடுத்த சம்பளம் இவ்வளவு என்று. அந்தக் கடதாசியை ஒருமுறை கொண்டுவரச் சொல்லி நான் கேட்டிருந்தால் நாலு வருடத்துக்கு முன்பே பிடித்திருப்பேன். நான் கேட்கவில்லை. கோப்பின் அழகில் மயங்கிவிட்டேன்.

அந்தப் பின்னேரமே ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன். நோர்வே மொழியில் ஒரு பக்கம். கோயிலில் செய்தது தொண்டு. பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஆகவே அது வேலை அல்ல. விபத்து வீட்டில் நடந்தது. அடியில் அவள் ஒப்பமிட இடம் விட்டேன். என் எழுத்தில் எனக்கு நம்பிக்கை இருந்தது.

வியாழன் காலை அவள் காரை எங்கள் கட்டடத்தடியில் விட்டுவிட்டு வந்தாள். ஒரு கையால் ஓட்டி வந்திருக்கிறாள், அதற்கும் ஏசினேன். நானும் அவளும் நகரத்துக்குத் தே-பானா சுரங்க ரயில் எடுத்தோம். கடிதத்தை அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். குறோருத் நிறுத்தம் தாண்டும்போது அவள் கடிதத்தை மடித்து மடியில் வைத்தாள்.

"அண்ணை, ஒண்டு சொல்லுவன். ஏசக் கூடாது."

"சொல்லுங்கோ."

"நான் வீட்டிலை விழேல்லை. கோயிலுக்கைதான் விழுந்தனான். குருத்தோலை ஞாயிறுக்கு முதல் நாள், சுரூபங்களுக்கு ஊதாச் சீலை போர்த்திறது. மாதாவுக்குப் போர்த்தேக்கை ஏணி சறுக்கிட்டுது."

 "ஏன் வீடு எண்டு சொன்னனீங்கள்?"

"மாதாவின்ரை காலடியிலை விழுந்து கை போச்சுது எண்டு எப்பிடி அண்ணை சொல்லுறது? பிள்ளையைத் தந்தவவிலை நானே குறை சொல்லுறதே? யோசேப்புக்கும் பாதருக்கும்கூடச் சொல்லேல்லை. டொக்டருக்கு ஏணி எண்டு மட்டும் சொன்னனான்."

நான் சுற்றிப் பார்த்தேன். எதிரே ஒரு பெண் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தாள். தமிழ் தெரியாதவள்தான். ஆனாலும் குரலைத் தாழ்த்தினேன்.

"தங்கச்சி, கவனமாக் கேளுங்கோ. அங்கை போய் இதை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. சுவீடனிலை, சம்பளம் வாங்கிற இடத்திலை, வேலை செய்யேக்கை விழுந்தனான் எண்டு உங்கடை வாயாலை சொன்னால் எல்லாம் முடிஞ்சுது. ஒப்பரேசனும் இல்லை, ஒண்டும் இல்லை. வீட்டிலை விழுந்தனீங்கள். அவ்வளவுதான்."

"பொய்யெல்லோ?"

"ஒரு மாசமா எல்லாருக்கும் சொன்ன பொய்தானே! இன்னொருக்காச் சொல்லுறதுக்கு என்ன?"

அவள் கைப்பையிலிருந்து செபமாலையை எடுத்து இடக்கையால் உருட்டிக்கொண்டு வந்தாள். நானும் முருகனைக் கும்பிட்டேன், அவளுடைய மாதா அந்த நேரம் பார்த்து நேர்மையைக் கேட்கக் கூடாது என்று.

கந்தோரில் எங்களை அழைத்தது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அதிகாரி. தன்மையான ஆள். தன்மையானவர்கள்தான் எனக்குப் பயம். அவர்களிடம் மனிதர் உண்மை பேசிவிடுகிறார்கள். அவர் என் கடிதத்தை நிதானமாக வாசித்தார். கதிரையின் விளிம்பில் இருந்தேன். சுவரில் மணிக்கூடு பத்து இருபதைக் காட்டியது.

"பணத்தை உண்டியலில் போட்டீர்கள். அது உங்கள் நல்ல மனது" என்றார் அவர் நோர்வே மொழியில். "ஆனால் சம்பளத்தை வாங்கியவர் அதை என்ன செய்தார் என்று சட்டம் கேட்பதில்லை. அந்த மண்டபத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள், எவ்வளவு நேரம் என்பதைத்தான் நான் பார்க்க வேண்டும். மிகச் சிறிய உதவி என்றால், எப்போதாவது என்றால், நான் மேலிடத்தில் பேசிப் பார்க்கலாம்."

ஒரு வாசல் திறந்தது. நான் அவசரமாக, "எப்போதாவதுதான், மிகச் சிறிய உதவி" என்றேன்.

"அவரே சொல்லட்டும்" என்றார் அதிகாரி. அருள்நாயகியின் பக்கம் திரும்பினார். "கடைசியாக அங்கே எப்போது போனீர்கள்?"

 மேசைக்கு அடியில் நான் என் சப்பாத்தால் அவளுடைய சப்பாத்தைத் தட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை; என்னைப் பார்த்துப் பாவப்பட்டதுபோல இருந்தது.

"மார்ச் பத்தொன்பது" என்றாள். "அன்றுதான் விழுந்தேன். அங்கேதான் விழுந்தேன், வீட்டில் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் போவேன். மூன்று மணித்தியாலம். ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை."

அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவள் நிமிர்ந்திருந்தாள். நாலு வருட நேர்த்திக்கடனை 'எப்போதாவது' என்று அவளால் சொல்ல முடியவில்லை. எனக்கு அப்போது அது விளங்கவில்லை. எழுந்து அவளை உலுக்க வேண்டும் போல இருந்தது.

அதிகாரி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு அவள் சொன்ன எல்லாவற்றையும் தட்டெழுதி, திகதி போட்டு, ஒப்பம் வாங்கி, ஒரு பிரதியை அவளிடம் கொடுத்தார். "நீங்கள் சுவீடன் காப்புறுதிக்கு உரியவர். இருபத்தாறாம் திகதிச் சிகிச்சையை எங்களால் ஏற்க முடியாது. வருந்துகிறேன்" என்றார். வருந்தினார் என்றுதான் நினைக்கிறேன். என் விளக்கக் கடிதத்தில் அவள் ஒப்பமிடவேயில்லை. அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்து நடைபாதையில் நின்று ஏசினேன். என் வாழ்க்கையில் ஒரு பெண்பிள்ளையை அப்படி ஏசியதில்லை. "உங்கடை மாதா கை தருவாவே? எட்டு மாசம் கழிச்சுக் கையைக் கொண்டுபோய் எங்கை தைக்கிறது? ஒரு சொல்லு, ஒரேயொரு சொல்லு மாத்திச் சொல்லியிருந்தால்!" அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றாள். ஏசி முடிந்ததும், "பாதருக்கு ஒருக்கா அடிச்சுச் சொல்லவேணும் அண்ணை. இனிக் கூட்ட வர ஏலாது எண்டு" என்றாள். அவளுக்கு அந்த நேரத்திலும் அதுதான் கவலை.

கைத்தொலைபேசியை நான்தான் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு ஒரு கைதான். அவள் சுவீடிஷில் பேசுவது பாதி எனக்கு விளங்கியது. மன்னிப்புக் கேட்டாள். விழுந்த கதையைச் சொன்னாள். மறுபக்கத்தில் பாதிரியாரின் குரல் திடீரென்று உயர்ந்தது. அவரும் ஏசுகிறார் என்று நினைத்தேன். அருள்நாயகியின் கண்கள் விரிந்தன.

"என்னவாம்?"

"உன்ரை பேரை ஏன் பதிஞ்சனான் எண்டு நினைச்சனீ எண்டு கேக்கிறார்." மறுபடி காதைக் கொடுத்துக் கேட்டாள். "வேலையிலை விழுந்தால் பாக்கிறதுக்கு எண்டு சபை காப்புறுதி கட்டியிருக்குதாம். காத்திருக்கத் தேவையில்லையாம், தனியார் ஆசுப்பத்திரியிலை செய்விக்கலாமாம். ஏன் ஒரு மாசமா வாய் திறக்கேல்லை எண்டு கத்துறார்."

 ஆனால் அதோடு முடியவில்லை. காப்புறுதி நிறுவனத்துக்காரர் லேசான ஆட்களா? விபத்து நடந்து நாலு கிழமை கழித்து வந்து சொல்கிறீர்களே, வேலையில்தான் விழுந்தார் என்பதற்கு என்ன சான்று என்று கேட்டார்கள். கண்டவர் யாருமில்லை. மருத்துவரின் குறிப்பில் ஏணி என்று மட்டும் இருந்தது. ஒரு கிழமை முழுக்க ஒரு முடிவும் வரவில்லை. ஆறு கிழமை முப்பதாம் திகதி முடிகிறது. வேலையில் நான் தபாலைத் தப்பான பெட்டியில் போட்டு மேலாளரிடம் பேச்சு வாங்கினேன். இருபத்திரண்டாம் திகதி பாதிரியார் அந்த ஒஸ்லோக் கந்தோர்ப் பிரதியை அனுப்பிவைத்தார். சபைக்கு அப்படியொரு காப்புறுதி இருப்பதே அவளுக்குத் தெரியாத நேரத்தில், சொன்னால் தனக்கே நட்டம் என்று தெரிந்தும், ஓர் அரச அதிகாரியின் முன் அவள் சொல்லி ஒப்பமிட்ட வாக்குமூலம். அதற்கு மேல் அவர்களால் ஒன்றும் கேட்க முடியவில்லை.

ஏப்ரல் இருபத்தொன்பது வெள்ளிக்கிழமை சுவீடனின் கார்ல்ஸ்டாட் நகரத்தில் அவளுடைய தோளைத் தைத்தார்கள். ஆறு கிழமைக்கு ஒரு நாள் மிச்சம். யோசேப்பு அங்கிருந்து தொலைபேசியில் சொன்னபோது நான் மேசையில் யாரோ ஒருவரின் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்று இன்னொன்றையும் செய்தேன். சட்டைப் பையில் கிடந்த அந்த விளக்கக் கடிதத்தை எடுத்து, 'விபத்து வீட்டில் நடந்தது' என்று நான் எழுதியிருந்த வரியை வாசித்தேன். அதில் அவள் ஒப்பமிட்டிருந்தால் சுவீடன் கதவையும் என் கையாலேயே பூட்டியிருப்பேன். கிழித்துப் போட்டேன்.

நேர்த்தியில் மூன்று வருடம் மிச்சமிருந்தது. பாதிரியார் அவளை இருத்தி, நேர்த்தியை மாற்றிக் கொடுக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லி, மாதம் ஒரு மெழுகுதிரியோடு முடித்துவிட்டாராம். பதிவிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டார். ஆகவே அவளுடைய காப்புறுதி மறுபடி நோர்வேக்கு வந்தது. ஒஸ்லோ முதலாளி முணுமுணுத்துவிட்டு வேலையைத் திருப்பிக் கொடுத்தார். "மிச்ச மூண்டு வருசத்தையும் மாதா ஒரே நாளிலை எடுத்திட்டா அண்ணை" என்றாள் அருள்நாயகி. அவளை மறுத்துப் பேச எனக்கு இப்போது வாய் இல்லை.

இப்போதெல்லாம் படிவம் நிரப்ப வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது சம்பளத்தை அல்ல. "சாமிக்கு ஏதும் செய்யிறியளோ?" என்றுதான் கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் எனக்குப் பக்தி முற்றிவிட்டது என்று வெளியில் கதைக்கிறார்கள். கதைக்கட்டும்.

அடுத்த ஏப்ரலில் அருள்நாயகி முதல் ஆளாக வந்தாள். கோப்பின் முதல் பக்கத்தில் கோயில் கடிதம், துளையிட்டு. மேலங்கியைக் கழற்றினாள். சிவமலர் வாங்கப் போனாள். "விடுங்கோ அக்கா" என்றாள் அருள்நாயகி. அங்கியை வலது கையில் எடுத்தாள். கை தோள் வரைக்கும் நன்றாக வந்தது. அதற்கு மேல் மெல்ல மெல்ல ஏறியது. கொளுவிக்கு நாலு விரல் கீழே நின்றுவிட்டது.  அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு குதிக்காலையும் எழுப்பி, அங்கியைக் கொளுவியில் மாட்டினாள்.

"இந்தக் கொளுவியை இவ்வளவு உயரத்திலை அடிச்ச விசரன் ஆர்?" என்று என்னைப் பார்த்து ஏசினாள்.